அந்தக் கார் ராத்திரி எங்கே நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்துக்கு ஏற்ற, கைக்கு அடக்கமான விலையில் வரும் சின்ன மின்சார கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, பேட்டரி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணை போட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கார் ராத்திரி எங்கே நிற்கும், எந்த பிளக்கில் மாட்டும் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சேலத்தில் வீட்டு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். கார் வாசலுக்கு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். முன்பே கேட்டிருந்தால் சிலருக்கு வேறு காரைச் சொல்லியிருப்பேன், சிலருக்குக் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றிருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி. காமெட் 230 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொல்கிறது, நடைமுறையில் அவ்வளவு வராது என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருக்கிறார். வராதுதான். ஆனால் கொண்டலாம்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டிக்கோ, சூரமங்கலத்திலிருந்து அம்மாப்பேட்டைக்கோ பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் ஊர் இது. நாளெல்லாம் சுற்றினாலும் நாற்பது, ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம். சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் மாட்டினால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். நின்றாலும் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் குடிக்கும். அதையும் கழித்து 150 கிலோமீட்டர் கிடைத்தாலே உள்ளூருக்குத் தாராளம்.

அளவில் அந்தக் காரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீளம் 2,974 மில்லிமீட்டர், மூன்று மீட்டர்கூட இல்லை. டாடா டியாகோ இ.வி. 3,769. செவ்வாய்ப்பேட்டையில் லாரி மூட்டை இறக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும். 4.2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பிவிடுவதால் லீ பஜாரில் ரிவர்ஸ் எடுக்கும் வேலையும் பாதியாகிறது. ஆனால் கதவு இரண்டுதான். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு மூட்டு வலிக்கார அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், ஷோரூமிலேயே அம்மாவை ஒரு தரம் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அரிசி மூட்டைக்கு இடம் இல்லை.

இனி என் தொழில் விஷயம். 3.3 கிலோவாட் சார்ஜரை மாட்டினால் 14, 15 ஆம்பியர் இழுக்கும். காமெட்டுக்கு முழுதாக ஏற 7 மணி நேரம். "ஏங்க, ஏசிக்குப் போட்ட பிளக் பாயிண்ட் சும்மாதானே இருக்குது, அதுலயே மாட்டிக்கலாமில்லீங்களா?" என்று கேட்காதவர் இல்லை. தண்ணீர் மோட்டார் அரைமணி நேரம் ஓடும், கெய்சர் கால்மணி நேரம் ஓடும். கார் ராத்திரி முழுக்க மூச்சுவிடாமல் இழுக்கும். அப்படி மாட்டியிருந்த ஒரு சாக்கெட்டைப் போன மாதம் கழற்றினேன். முகப்பில் ஒன்றும் தெரியவில்லை, லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே பித்தளைக் கிளிப் சூட்டில் நீலம் பாய்ந்து விறைப்பு விட்டுப் போயிருந்தது. ஸ்க்ரூ லூஸ். ஒயரின் இன்சுலேஷன் அரை அங்குலத்துக்கு அப்பளம் மாதிரி, விரலில் தொட்டால் உதிர்ந்தது. வண்டியின் குறை அல்ல, சாக்கெட்டின் குறை. பேட்டரி கார் தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் இந்த சாக்கெட்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், லோடு மீறினால் தானாக அணையும் 20 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் ஏற்றவே மாட்டேன் என்று சிவப்பு விளக்கைக் காட்டும். வண்டி ரிப்பேர் என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறார்கள். எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கும். சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். நாராயண நகர், கிச்சிப்பாளையம் பக்கம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் கேட்கும். பழைய சிங்கிள் பேஸ் இணைப்பில் அந்த ஆசை வேண்டாம். சின்ன சார்ஜருக்கே, அனுமதித்த லோடு போதுமா என்று மின்வாரிய ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

கரண்ட் பில்லில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் சார்ஜர் நஷ்டமும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் கூடும். 600 ஆகிவிட்டது. நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் போய்விடும். பில்லில் சுமார் 1,700 ரூபாய் கூடும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். பெட்ரோலோடு பார்த்தால் இது பிச்சைக்காசுதான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தை நம்பி ஐம்பது காசு என்று மனக்கணக்குப் போட்டவர், மீட்டர் ஓடுகிறது என்று என்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

இதெல்லாம் சொந்த வீடும், காம்பவுண்டுக்குள் கார் நிறுத்த இடமும் உள்ளவர்களுக்கு. குகை, அம்மாப்பேட்டை, முதல் அக்ரகாரம் பக்கம் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? கார் தெருவில் நிற்கும். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு, அதன் மேல் கோணிப்பையைப் போட்டு மூடியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போகின்றன. இங்கேதான் கட்டுரையாளர் தட்டிவிட்டுப் போன ஒரு விஷயம் முக்கியமாகிறது. காமெட்டில் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் வசதி, அதாவது வெளியே சார்ஜிங் நிலையத்தில் வேகமாக ஏற்றிக்கொள்ளும் வசதி, இல்லை. ஊருக்குள் ஓட்டும் காருக்கு அது எதற்கு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். என் கணக்கு தலைகீழ். வீட்டில் பிளக் இல்லாதவருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். டியாகோவில் அந்த வசதி உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றலாம். வெளியே ஏற்றினால் யூனிட்டுக்கு வீட்டைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காமெட் 2023ல் 7.98 லட்சத்துக்கு வந்தது, டியாகோ 2022ல் 8.49 லட்சத்துக்கு. வாடகை வீட்டுக்காரர் இந்த அரை லட்சத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் தெருவில் ஒயர் இழுத்துக்கொண்டுதான் நிற்பார்.

ஏற்காடு ஏறுமா என்பது நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏறும். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். காமெட்டும் நாலு பேருமாக ஆயிரத்து நூறு கிலோவை அவ்வளவு உயரம் தூக்கவே 4 யூனிட்டுக்குப் பக்கம் வேண்டும். முப்பது கிலோமீட்டர் ஓட்டமும் சேர்ந்தால் 17.3 யூனிட் பேட்டரியில் ஆறு, ஏழு போகும். இறங்கும்போது மோட்டாரே டைனமோ போல வேலை செய்து ஒரு பங்கைத் திருப்பித் தரும். மேலே லாட்ஜில் பிளக் கிடைத்தது என்று நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திருப்பி ஏற்ற இடம் இருக்காது. மோட்டார் காரைப் பிடித்து நிறுத்தும் இழுவை குறைந்து, வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதிக்க வேண்டிவரும். எண்பதில் நிறுத்திக்கொண்டால் போதும்.

அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது, டி.சி. வசதி உண்டா, வீட்டு சார்ஜர் எத்தனை ஆம்பியர் என்று இரண்டு கட்டங்கள் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாநகராட்சிக் கட்டண வாகன நிறுத்தங்களில் மீட்டரோடு நாலைந்து 15 ஆம்பியர் பாயிண்டுகள் போட்டு, ராத்திரியில் மாதக் கட்டணத்துக்கு விட்டால் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வழி பிறக்கும். இதை அதிகாரிகளிடம் கேட்டு உங்கள் இதழில் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மின் ஒப்பந்தக்காரரான ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.