படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு தோல் மருத்துவர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைமேல் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். அரிப்பு, படை, சிரங்கு என்று தினமும் நாலைந்து பேராவது வருகிறார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் தோல் துறையில் நாங்கள் இருந்ததோ சில வாரங்கள்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா, முன்கையில் வெளிறிய திட்டோடு வந்தார். தேமல் என்று நினைத்து, மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு கலந்த டியூப்பை வெகுநாளாகத் தடவியிருக்கிறார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டேன், அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் சம்மதத்துடன் படம் எடுத்து, தோல் மருத்துவரான என் கல்லூரி சீனியர் அக்காவுக்கு அனுப்பினேன். "முழங்கை நரம்பைத் தடவிப் பார், தடித்திருக்கிறதா?" என்று கேட்டார். தடித்திருந்தது. தொழுநோய். கூட்டு மருந்து உடனே தொடங்கிவிட்டோம். 6 அல்லது 12 மாதத்தில் முடியும் சிகிச்சை இது, ஆனால் தாமதித்தால் விரல்கள் மடங்கிப்போகலாம். கீழே போய்க் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் போயிருப்பாரா?

மருத்துவரே இன்னொரு மருத்துவரிடம் தொலைவிலிருந்து ஆலோசனை கேட்கலாம் என்று 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் இங்கே சிக்னல் வந்து வந்து போகும், வீடியோ பேச முடியாது. தோலுக்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. ஃபிளாஷ் போடாமல் தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, அளவு தெரிய ஸ்கேல் வைத்து ஒன்று, கூடவே எத்தனை நாளாக, என்ன தடவினார்கள் என்ற விவரம், இவ்வளவு இருந்தால் பல நோய்களைச் சொல்லிவிடலாம். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியவர்களை மட்டும் கீழே அனுப்பலாம்.

இப்போது எல்லாம் ஒருவருடைய நல்ல மனசை நம்பி நடக்கிறது. நோயாளியின் படம் என் சொந்த போனில் கிடப்பதும் சரியில்லை. அரசு மருத்துவக் கல்லூரித் தோல் துறையில் தினமும் ஒருவருக்கு இதையே டியூட்டியாகப் போடுங்கள். பாதுகாப்பான ஒரு செயலியில் நாங்கள் அனுப்புகிறோம், மறுநாளுக்குள் பதில் வந்தால் போதும். "படத்தை வைத்துச் சொல்ல முடியாது, நேரில் அனுப்புங்கள்" என்பதும் எங்களுக்குப் பதில்தான்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடப் பையனின் படத்தை அனுப்பினேன். அக்கா விடுப்பில் இருக்கிறார், இன்னும் பதில் இல்லை. வியாழக்கிழமை அவன் மறுபடி வருவான்.

– ஒரு மலைக்கிராம மருத்துவர்