களாச்செடியும் உன் ஆவாரையும்

தருமபுரி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குத் தை மாசம் வளைகாப்பு என்று எழுதியிருந்தாய், நல்ல சேதி. எனக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

என் களாச்செடி என்ன ஆயிற்று, செப்டிக் டேங்குக்குத் தோண்டப்போகிற இடத்தில் நிற்கிற உன் ஆவாரையை என்ன செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். வாசலோரக் களாச்செடியை நகர்த்தியாகிவிட்டது. பையன் கார் வாங்கியிருக்கிறான், ஷெட் போட அந்த இடம்தான் வேண்டுமாம். "வெட்டிட்டு வேற வாங்கி வெச்சுக்கலாம்மா" என்றான். களா என்ன செம்பருத்தியா, குச்சி ஒடித்து நட்டதும் துளிர்ப்பதற்கு? விதை போட்டு அது காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். உனக்கு வருகிற ஊறுகாயெல்லாம் அந்த ஒரே செடியின் காய்தானடி!

ஆவணியில் காய் பறித்து முடித்ததும் ஆரம்பித்தோம். எடுத்த எடுப்பில் பிடுங்கக் கூடாது. தண்டு கனம் ஓர் அங்குலத்துக்கு ஓரடி என்று வேர்மண் உருண்டைக்குக் கணக்கு வைத்துக்கொள். நம்முடையது இரண்டு அங்குலத் தண்டு, அதனால் இரண்டடி அகலத்துக்கு வட்டம் போட்டு, சுற்றிலும் ஒரு மண்வெட்டி அகலம் தோண்டி, குறுக்கே வந்த வேர்களைக் கூரான கத்தியால் நறுக்கிவிட்டு, மக்கின இலையும் மண்ணும் கலந்து மூடிவிட்டோம். பிறகு எடுக்கும்போது அந்த மக்கைக் கிளறினேன். வெட்டுப்பட்ட நுனியிலெல்லாம் சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் புதுவேர்! தண்ணீர் உறிஞ்சுவது இந்தப் பொடிவேர்தான். அதனால் எடுக்கிற அன்றைக்குப் பழைய பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் கடப்பாரை போடணும்.

புரட்டாசிக் கடைசியில், மேகம் போட்ட ஒரு சாயங்காலம் எடுத்தோம். முந்தின நாளே நன்றாக நனைத்துவிட்டேன், நம்ம செம்மண் காய்ந்திருந்தால் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். கட்டாமல் அந்த முள்ளுக்குக் கிட்டே யார் போவது? வெட்டின இடமெல்லாம் பால் வேறு. அந்தப் பிசுக்கு சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய்தான் தேய்க்கணும். ஈரக் கோணிச்சாக்கை அடியில் நுழைத்துச் சுற்றி, நாலு ஆள் சேர்ந்து தூக்கினார்கள்.

புதுக்குழி அகலம் இரண்டு மடங்கு, ஆழம் மட்டும் உருண்டை அளவே. தண்டு பழைய மண்மட்டத்துக்கு மேல் புதையக் கூடாது. வேலைக்கு வந்தவர் ஒரு கூடை சாணியை அடியில் கொட்டப் பார்த்தார், நான் விடவில்லை. காயம்பட்ட வேருக்குப் பச்சைச் சாணி ஆகாது, கரையானும் தேடி வரும். உரமெல்லாம் தளிர் விட்ட பிறகு. மேலே சருகு மூடாக்கு, மேற்கு வெயிலுக்கு ஒரு தென்னை ஓலை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. "போச்சு" என்றான் பையன். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. இந்த நேரத்தில் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதில்தான் வேர் அழுகிப் பாதிச் செடி சாகிறது. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினேன். இப்போது கணுவுக்குக் கணு தளிர். அடுத்த வருஷம் ஊறுகாய் மட்டும் எதிர்பார்க்காதே.

இதைப் படித்துவிட்டு உன் ஆவாரையையும் இப்படியே தூக்கலாம் என்று கிளம்பிவிடாதே. அது ஆணிவேர்க்காரி. உங்கள் கிருஷ்ணகிரிக் கல்லு மண்ணில் கல்லிடுக்கெல்லாம் புகுந்து இறங்கியிருக்கும், எவ்வளவு பார்த்துத் தோண்டினாலும் வேர் பாதியில் முறியும். செப்டிக் டேங்க் தோண்ட ஆள் வருவதற்குள் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வை. விதைத்தோல் கெட்டி, அதனால் கொதித்து இறக்கின வெந்நீரில் போட்டு அப்படியே ராத்திரி ஊறவிடு. ஊதிப் பருத்ததை மட்டும் பொறுக்கி, செடி நிற்கப்போகிற இடத்திலேயே நேராக ஊன்று. பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருண்டுகொள்ளும். களா மாதிரி காக்க வைக்காது, சீக்கிரமே பூத்துவிடும். இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட மட்டும் ரோட்டோரத்துப் பூவைப் பறித்துக்கொள், 2004-ல் உங்கள் கிருஷ்ணகிரி எங்கள் தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் காப்புக்கட்டு இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

என் ஊறுகாய் ஜாடி இரண்டும் உன்னிடம்தான் இருக்கின்றன. வளைகாப்புக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன், கழுவிக் காயவைத்து வை.

அன்புடன்,
விஜயா