ஏமாற்றக் கற்றுக்கொடுத்தவள் எழுதுவது

அன்புள்ள அக்கா,

அடுத்த மாதத்திலிருந்து உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. காரணம் நமக்குள் இருக்கட்டும். இதைப் பலரும் படிப்பார்கள், அதனால் அவன் பெயரையும் எழுதவில்லை. இன்று மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் தினம்; அவனுக்குப் பிறவியிலேயே இருக்கிற அந்தக் குரோமோசோம் மாற்றத்துக்கான நாள். எல்லோரும் வாழ்த்து அனுப்புகிற நாளில் இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் என்னை முழுசாகப் பேச விட்டிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

அந்த பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கும். உள்ளே பென்சிலைப் போட்டு மூடிவிட்டு, "அப்பா வந்தா உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பார்?" என்று கேட்பேன். வாரக்கணக்கில் "பென்சில்" என்றேதான் சொன்னான். தனக்குத் தெரிந்தது அப்பாவுக்கும் தெரியும் என்று ஒரு கணக்கு. கேள்வியைச் சுருக்கினேன். அப்பா படம் வரைந்து, தலைக்கு மேல் குமிழி போட்டு, அதற்குள் பிஸ்கட்டை ஒட்டினேன். காதால் கேட்டது நினைவில் நிற்பது இவர்களுக்குக் கஷ்டம். கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒருநாள் அவர் நிஜமாகவே உள்ளே வந்தார். இவன் டப்பாவை நீட்டினான். அவர் மூடியில் கை வைப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க ஒரு சிரிப்பு! வார்த்தையில் வராத பதில் அதில் வந்துவிட்டது, அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கேட்டது: "பொய் சொல்லவா கத்துக்கொடுக்கறீங்க?"

இன்னும் உறுத்துகிறது. 'எல்லோரிடமும் பாசமாக இருக்கிறான், இதெல்லாம் எதற்கு' என்றீர்கள். 1985-ல் வெளியான பொம்மைச் சோதனையைக் காட்டினீர்கள்; ஒரு பொம்மை இல்லாத நேரத்தில் அதன் பொருளை இடம் மாற்றிவிட்டு, திரும்பி வந்தால் எங்கே தேடும் என்று கேட்பார்களே, அதுதான். அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் சரியாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்களின் சராசரி வயது பத்தைத் தாண்டியது. பின்னால் வந்த ஆய்வுகளில் இவர்கள் தடுமாறவும் செய்திருக்கிறார்கள். பாசம் வேறு, எதிராளி மனதில் ஓடுவதை யூகிப்பது வேறு. யார் கூப்பிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை, சிரித்த முகத்துக்குப் பின்னால் வேறு எண்ணமும் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. உங்களுக்குப் புரியும்.)

சரி, கோபமாக முடிக்க விருப்பமில்லை. ராத்திரி கண்விழித்து அவனை வளர்த்தது நீங்கள், நானில்லை.

படங்களையும் டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். இருபக்கமும் படமுள்ள அட்டையை நடுவில் பிடித்து, "அம்மாவுக்கு என்ன தெரியுது?" என்று கேளுங்கள். கேட்டபிறகு பொறுங்கள். கண்ஜாடை மட்டும் வேண்டாம். உங்கள் கண்ணைப் பார்த்து விடை சொல்ல அவன் எப்போதோ பழகிவிட்டான்.