வெள்ளை உடை வெறும் இடமல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் வரும் காதலர்களைப் பற்றிய கட்டுரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் சுசுகி ஹருநோபுவின் படத்துக்குக் கீழே, பெண்ணின் வெள்ளை உடை ‘நிறம் பூசாமல் விடப்பட்ட இடம்’ என்று அச்சாகியிருக்கிறது. அது தவறு.

பனி பெய்கிறது. ஒரே குடைக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவன் கறுப்பு, அவள் வெள்ளை. இந்தப் படத்தைக் ‘காகமும் கொக்கும்’ என்றும் சொல்வார்கள். 1765இல் பல வண்ண அச்சு எடோவில் (இன்றைய டோக்கியோ) வேரூன்றியபின், 1770இல் ஹருநோபு இறப்பதற்குள் வெளிவந்தது. இந்த அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. அந்த வெள்ளை உடைக்கென்றும் தனியாக ஒரு கட்டை செதுக்கப்பட்டது. அதில் மை தடவுவதில்லை. ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் நெசவுப் பூவும் மடிப்பும் தாளிலேயே புடைத்து நிற்கும். இதற்குப் பெயர் காராசூரி, அதாவது வெற்று அச்சு. தாள் காய்ந்திருந்தால் பூ எழும்பாது. ஈரம் மிஞ்சினால் பக்கத்து நிறம் கசியும். பாதியில் காய்ந்து தாள் சுருங்கினாலோ, அடுத்த கட்டையில், தாளை நேராக வைக்கச் செதுக்கிய மூலைக் குறிக்குச் சரியாகப் பொருந்தாது; நிறம் கோட்டைத் தாண்டிவிடும்.

உங்கள் படத்தில் இந்தப் புடைப்பு துளியும் தெரியவில்லை. நேர் எதிரிலிருந்து விளக்கு போட்டு எடுத்த புகைப்படமாக இருக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில், தாளோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி வைத்தால்தான் நிழல் விழும், பூ தெரியும். பழைய பிரதிகளைப் பின்தாள் ஒட்டி இறுக்கி அழுத்துவதாலும் இது நசுங்கிப்போகும். பிறகு எந்த விளக்கு வைத்தும் பயனில்லை.

கட்டுரையிலுள்ள ‘மென்மையான மங்கல் நிறங்கள்’ என்ற புகழ்ச்சியையும் யோசித்து எழுதியிருக்கலாம். அன்றைய நீலம் பெரும்பாலும் ஒரு பூச்சாறு. வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பாகும். குசும்பப்பூச் சிவப்பும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நாம் இன்று காணும் மங்கலில் பெரும்பங்கு காலம் செய்தது, ஓவியர் செய்ததல்ல. காட்சிக்கு வைப்பவர்கள் வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) நிறுத்துவது இதனால்தான்.

‘முகங்களில் உணர்ச்சியே இல்லை’ என்று கட்டுரை சொல்வதுதான் என்னை மிகவும் வருத்தியது. கோடு அவ்வளவு குறைவாக இருக்கும்போது உணர்ச்சியை முகத்தில் மட்டும் தேடக் கூடாது. 1788இல் வெளிவந்த, இன்னொரு ஜப்பானிய அச்சு ஓவியரான உத்தமாரோவின் ‘உத்தமாகுரா’ என்ற படத்தொகுப்பில் தேநீர்க் கடை மாடியில் ஒரு ஜோடி இருக்கும். பெண் நமக்கு முதுகு காட்டியிருக்கிறாள். தெரிவது அவள் பின்கழுத்தும் கொண்டையும்தான். அந்தக் கூந்தல் ஓரத்தில் ஆணின் ஒரே ஒரு கண் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கண்ணையும் கழுத்து வளைவையும் பார்த்துவிட்டு உணர்ச்சி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்துங்கள். முடிந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்