எலுமிச்சைக் கிளையில் கட்டிய நூல்

ஃப்ரீமாண்ட்,
மார்ச் 3

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டது. உன் பால்கனிக்கு எதிர்த்த மரத்தில், கை எட்டும் தூரத்தில் கூடு. உள்ளே தாய் ஹம்மிங்பேர்ட், அந்த ரீங்காரச்சிட்டு, உட்கார்ந்திருக்கிறாள், ஊசி மாதிரி மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. "எந்த லென்ஸ் வாங்கட்டும்மா, எவ்வளவு பக்கத்தில் போகலாம்?" என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாகப் பதில் போடவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன், சொல்ல வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் ஃபீடர், பறவைக்குச் சீனித் தண்ணீர் ஊற்றி மாட்டும் குப்பி. கடையில் விற்கும் சிவப்புத் தண்ணீரை ஊற்றியிருப்பதாக எழுதியிருந்தாய். அதை இன்றைக்கே கொட்டிவிடு. தண்ணீரில் சாயம் வேண்டியதே இல்லை. ஃபீடரின் மூடி சிவப்பாக இருந்தாலே கண்டுபிடித்து வந்துவிடும். ஒரு டம்ளர் வெள்ளைச் சீனிக்கு நாலு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. அது நாடி வரும் பூக்களின் தேனும் ஏறக்குறைய இந்தப் பதம்தான். சீனி கரையுமளவு சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு ஊற்று. மிச்சம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தேன் ஊற்றாதே, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் நமக்கு நல்லது, இதற்கு ஆகாது. அவற்றில் இருக்கிற இரும்புச்சத்தை இந்தச் சின்ன உடம்பு தாங்காது. மொத்தமே நாலைந்து கிராம்தான் ராசா, ஒரு ரூபாய்க் காசின் எடை. வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, குளிர் நாளில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வெந்நீர் விட்டு பிரஷ் போட்டுக் கழுவு. துளைக்குள் கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

நீ இருக்கும் சியாட்டலில் எங்கள் கல்யாணத்துக்கு வெகுகாலம் முந்தி இந்தப் பறவையே கிடையாது. பெயர் அன்னாஸ் ஹம்மிங்பேர்ட். 1829-ல் ரெனே லெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் அன்னா என்ற சீமாட்டியின் பெயரை இதற்கு வைத்தார். போன நூற்றாண்டின் முதல் பாதி வரைக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா பக்கத்திலும்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத் தோட்டங்களில் வெளியூர்ப் பூச்செடிகளும் ஃபீடர்களும் பெருகப் பெருக அப்படியே வடக்கே ஏறிவிட்டது. இப்போது அங்கே குளிர்காலத்திலும் இருக்கிறது. ராத்திரி உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கொண்டு, உயிர் அடங்கினாற்போலக் கிளையில் கிடக்கும். பகலில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்கூட அடிக்கும் இதயம் அப்போது மெல்ல மெல்லத்தான் அடிக்கும். விடியும்போது மறுபடி சூடேற்றிக்கொண்டு எழுந்ததும் அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்த நேரம் பார்த்து உன் ஃபீடர் ஐஸாக உறைந்திருந்தால் என்ன செய்யும்? தண்ணீர் உறையும் நாளில் ராத்திரி ஃபீடரை உள்ளே எடுத்து வைத்து, வெளுக்கும் முன்னே கொண்டுபோய் மாட்டு. இரண்டு ஃபீடர் வாங்கி மாற்றி மாற்றி வைத்தால் உனக்கும் சுலபம்.

இனி படம். என்னிடம் இருப்பது நீ உன் அறையில் விட்டுப்போன பழைய கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்ஸும்தான். 2020-ல் எல்லாரையும் வீட்டோடு இருக்கச் சொன்னபோது அதைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் மாதம் எடுத்ததெல்லாம் வெறும் ஃபீடர். குருவி இருந்த இடத்தில் ஒரு புகை. நம் ஊரில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்து குடிக்கும், நின்று பார்க்கலாம். இது அந்தரத்தில் நின்று குடிக்கிறது. வினாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. துரத்திப் பிடிக்க முடியாது என்று புரிய எனக்குக் கோடைகாலம் முழுதும் ஆனது.

அதன் வழக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள். நாலைந்து மிடறு குடித்ததும் பின்பக்கமாகவே பறந்து ஒரு சாண் தள்ளி நிற்கும், சுற்றுமுற்றும் பார்க்கும், திரும்ப வரும். அந்த ஒரு சாண் தூரத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் பண்ணி வைத்துவிடு. ஃபீடரில் ஒரு துளையை மட்டும் திறந்து வைத்து மற்றதை டேப் போட்டு மூடினால் எந்தப் பக்கம் வரும் என்கிற சந்தேகமும் இல்லை. படம் எடுத்து முடித்ததும் டேப்பை எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஒரே துளைக்குக் குருவிகள் சண்டை போட்டுக்கொள்ளும். நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் 1/3200 வினாடி, வெளிச்சத்தை வாங்கும் அளவான ஐ.எஸ்.ஓ. 1600 வைத்துப் பார். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். கண் தெளிவாக விழுந்துவிட்டால் இறக்கை மங்கலாக இருப்பது குறையே இல்லை. பின்னால் இருக்கும் செடி நாலு மீட்டராவது தள்ளி இருந்தால் பச்சை வண்ணம் பூசினதுபோல் விழும்.

கழுத்து நிறத்தைப் பற்றிக் கேட்டாய், "எனக்கு எல்லாம் கறுப்பாகவே விழுகிறதே" என்று. ஆணின் தொண்டையிலும் தலையிலும் இருக்கும் அந்த ரோஸ் நிறம், சாயம் அல்ல. இறகுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய தட்டுகளில், காற்றுக் குமிழிகளில் பட்டு வெளிச்சம் திரும்புவதால் வரும் நிறம். மயில் கழுத்தும் வேறு விதமாய் இப்படித்தான் மின்னுகிறது. தலை கொஞ்சம் திரும்பினால் கரித்துண்டு. நேரே பார்த்தால் தணல். அதனால் சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அது உன்னை நேராகப் பார்க்க வேண்டும். இரண்டாவது உன் கையில் இல்லை. ஒரு காய்ந்த குச்சியைத் தொட்டியில் ஊன்றி ஃபீடருக்கு இரண்டு மீட்டர் தள்ளி வை. ஆண் அதில் வந்து உட்கார்ந்து காவல் காக்கும், தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருக்கும். காத்திரு. என்றைக்காவது ஒருநாள் திரும்பும்.

ஃபிளாஷ் நான் போடுவதில்லை. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் மின்னல்போல் வெட்டும் விளக்கை வைத்து ஹம்மிங்பேர்டின் இறக்கையை அப்படியே நிறுத்திக் காட்டினார். இப்போதும் நாலைந்து ஃபிளாஷைக் குறைந்த அளவில் வைத்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடி வெளிச்சத்தில் எடுக்கிறார்கள். இறகின் ஒவ்வொரு ஈர்க்கும் தெரியும். அழகுதான். ஃபீடரில் உனக்கு ஆசை இருந்தால் செய்து பார். கூட்டில் வேண்டாம்.

கூட்டுக்கு வருகிறேன்.

உன் ஹாலில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறாயே, இரண்டு குஞ்சும் வாயைத் திறந்திருக்கும் படம். 2021-ல் நம் எலுமிச்சை மரத்தில் எடுத்தது. அதன் இடது மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். "அது என்னம்மா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். சிலந்தி நூல் என்றேன். கூட்டையே சிலந்தி நூலால்தான் கட்டுகிறது, நீயும் நம்பிவிட்டாய். அது சிலந்தி நூல் இல்லை ராசா. நான் பூக்கட்டும் நூல்.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் கூட்டைப் பார்த்தேன். பெரிய எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் குடைந்த அளவு. உள்ளே பஞ்சு, வெளியே மரப்பாசித் துணுக்குகளை ஒட்டியிருந்தது. மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு முட்டை. அவள் ஒருத்திதான் கட்டினாள், அவள் ஒருத்திதான் அடைகாத்தாள். ஆண் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பதினாறு நாளில் பொரிந்தது. தினமும் உனக்குப் படம் அனுப்பினேன். நீயும் அப்போது புது வேலை, தனி வீடு, யாரோடும் பேச வழியில்லாமல் இருந்தாய். நான் அனுப்பும் படத்துக்கு மட்டும் உடனே பதில் வரும். அந்தப் பதிலுக்காகவே காலையில் எழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்பதாம் நாள் குஞ்சுகளின் முகத்தில் இலை நிழல் விழுந்தது. ஒரு நல்ல படம், இரண்டு வாயும் வெளிச்சத்தில் இருக்கிற மாதிரி ஒன்றே ஒன்று வேண்டும் என்று இருந்தது. மேலே கவிந்திருந்த கிளையை இழுத்து நூலால் பக்கத்துக் கிளையோடு கட்டினேன். படம் கிடைத்தது. உடனே அவிழ்த்திருக்க வேண்டும். சாயங்கால வெளிச்சத்திலும் ஒன்று எடுப்போம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் மேகம். இருட்டின பிறகு போய்க் கலைக்க வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் ஸ்க்ரப் ஜே என்ற காக்கை இனத்துப் பறவை கத்தும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது கூடு இருந்தது, குஞ்சு இல்லை. அவள் இரை கொண்டு வந்தாள். கூட்டுக்கு மேல் நின்றாள், மூக்கை உள்ளே விட்டாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். மூன்று தடவை பார்த்தேன். அதற்குமேல் நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

நான் விலக்கிய கிளையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஜே எந்தக் கூட்டையும் கண்டுபிடிக்கும் பறவை. ஆனால் அந்த இலைகளை அவள் கூரையாக நினைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். கூரையைப் பிரித்தவள் நான். நூலை அப்பாதான் போய் அவிழ்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குப் படம் வரவில்லையே என்று நீ கேட்டாய். பறந்துவிட்டன என்று எழுதினேன். பறக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், நீ நாள் கணக்குப் பார்க்கவில்லை. "சூப்பர்மா" என்று பதில் போட்டாய். பிறகு பிரிண்ட் போட்டாய். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு எதிரே உட்காராமல் இந்தப் பக்கச் சோபாவில் உட்காருவேன், கவனித்தாயோ என்னவோ.

2023-ல் அப்பாவும் நானும் அரிசோனா போனோமே, அங்கே பட்டகோனியா என்ற சின்ன ஊரில் பேட்டன் என்ற தம்பதி இருந்த வீட்டுக்குப் போனோம். 1970-களில் குடிவந்தவர்கள். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்களை உள்ளே வரச் சொல்லி, பின்புறத் தோட்டத்தையே ஊர் பேர் தெரியாதவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். காசு கேட்டதில்லை, விரும்பினால் சீனிச் செலவுக்குப் போடலாம் என்று ஒரு டப்பா வைத்திருந்தார்கள். இருவரும் காலமான பிறகு 2014-லிருந்து, அப்போது டூசான் ஆடுபான் சங்கம் என்று பெயர் இருந்த பறவைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. வயலட் கிரௌண்ட் ஹம்மிங்பேர்ட் என்று ஒன்று, ஊதா உச்சி, தூய வெள்ளைக் கழுத்து, சிவப்பு மூக்கு. அமெரிக்காவில் அதைப் பார்க்க வருகிறவர்கள் அந்தத் தோட்டத்தைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். பெரிய பெரிய லென்ஸோடு வந்தவர்கள்கூட இடத்தைவிட்டு எழவில்லை, ஒரு கிளையைத் தொடவில்லை. எனக்கு ஒரே ஒரு படம் கிடைத்தது, அதுவும் பாதி இலைக்குப் பின்னால். அதைத்தான் சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

அதனால் நீ லென்ஸ் வாங்க வேண்டாம். இருப்பதை வைத்துக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தே எடு. கதவைத் திறக்காதே. அறை விளக்கை அணைத்துவிட்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு விழாது. ஐந்து நிமிடம் போதும். அவள் கூட்டில் உட்காராமல் சுற்றிச் சுற்றிப் பறந்தால் உடனே விலகிப் போய்விடு. ஒரு இலையையும் தொடாதே, இலை மறைத்தால் மறைக்கட்டும். ஃபீடரை மரத்தின் பக்கம் மாட்டாமல் வீட்டின் மறுபுறம் ஜன்னலுக்கு மாற்று, குடிக்க வருகிறவை அவளோடு வம்புக்குப் போகும். உங்கள் அபார்ட்மெண்டில் மரம் கழிக்க ஆள் வந்தால் முட்டை இருக்கிறது என்று சொல். 1918-ல் போட்ட வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்கக் கூடாது.

ஹாலில் இருக்கும் படத்தை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். கழற்றினாலும் அம்மா வருத்தப்பட மாட்டேன். வைத்திருந்தால், யாராவது அந்த வெள்ளைக் கோட்டைக் கேட்டால், உள்ளதைச் சொல்.

வியாழக்கிழமை அங்கே தண்ணீர் உறையும் என்று போட்டிருக்கிறான். ஃபீடரை உள்ளே எடுத்து வைக்க மறந்துவிடாதே. முட்டை பொரிந்தால் படம் அனுப்ப வேண்டாம், போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அம்மா