எங்கள் மெதடிஸ்த கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு பார்க்கும் ஐயாவுக்கு

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் போதகர் வந்திறங்கிய மட்டக்களப்பில், தலைமுறையாக மெதடிஸ்தராய் இருக்கிற குடும்பத்திலிருந்து ஒருவர் கத்தோலிக்கத்துக்குப் போவதென்றால் சொந்தக்காரர் முகமே மாறும். அதற்குமேல் கடதாசி வேலை.

தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும், மறுபடி கொடுக்காது. பாவசங்கீர்த்தனம், விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல், நற்கருணை, அவ்வளவுதான். ஆனால் அத்தாட்சி வேண்டும். வெறும் பெயரும் திகதியும் உள்ள துண்டோடு போனால் கேள்வி வரும். சந்தேகம் தீராவிட்டால், 'முன்பு பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு ஞானஸ்நானத்தை மறுபடி கொடுப்பார்கள்.

ஐயா, என்னிடம் இருந்தது அப்படியொரு துண்டுதான். ஏன் போகிறாய் என்று நீங்கள் ஒரு சொல் கேட்கவில்லை. ஓரம் அரித்த பழைய பதிவேட்டை எடுத்து, விரல் வைத்து வரிவரியாகத் தேடி, பதிவிலக்கம், கொடுத்த போதகர், சாட்சிகள் எல்லாம் எழுதினீர்கள். தண்ணீர், திரித்துவ வாசகம் இரண்டையும் நான் கேட்காமலே தனி வரியில் சேர்த்தீர்கள். பிறப்பத்தாட்சியில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததையும் கண்டுபிடித்து ஓரத்தில் குறித்து, போதகரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் தந்தீர்கள். பங்குச் சுவாமி பார்த்த கையோடு கடதாசிக் கோவையில் போட்டார்.

காசு நீட்டினால் வாங்கமாட்டீர்கள். இதை உங்கள் பேரப்பிள்ளை யாராவது வாசித்துக் காட்டட்டும். மிக்க நன்றி ஐயா.