ஜன்னலில் நின்ற பெண்ணும் ஊன்றிய திருவடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் மனம் ஆட்டப் படங்களால் சிதறுகிறது என்று சென்ற ஞாயிறு மலரில் ஒரு வாசகர் வருந்தியிருந்தார். எல்லாப் படங்களுக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒரே ஒரு படத்துக்காக எழுதுகிறேன். மசாயுகி சுவோ இயக்கி 1996இல் வெளிவந்த ‘ஷால் வி டான்ஸ்’ என்ற ஜப்பானிய நகைச்சுவைப் படம் அது. வயிறு வலிக்கச் சிரித்த பிறகு எனக்கு நினைவுக்கு வந்ததோ ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ சித்தாந்த நூல்!

வீட்டுக் கடன், மனைவி, மகள், கணக்கு வேலை என்று ஓடும் நடுவயது மனிதர் ஒருவர். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறித் தூங்கி வழியும் நம்மவர்களில் ஒருவராகவே தெரிகிறார். ரயிலில் வீடு திரும்பும்போது நடனப் பள்ளி ஜன்னலில் ஒரு பெண் நிற்பதைக் காண்கிறார். அவளுக்காகவே ஒருநாள் இறங்கி, படியேறி, வகுப்பில் சேர்ந்தும் விடுகிறார். கற்றுத்தர வருவதோ வேறொரு மூத்த ஆசிரியை. தன்னை எண்ணி வந்திருந்தால் வரவேண்டாம் என்று அந்தப் பெண்ணும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். மனிதர் இத்தோடு நின்றுவிடுவார் என்று பார்த்தால், மறுபடியும் வருகிறார். அலுவலகத்தில் மேசைக்கடியில் கால்கள் அடவு பழகுகின்றன. ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆடும் நடராசரின் உடுக்கையில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய திருவடியில் மறைத்தல், தூக்கிய திருவடியில் அருளல். அந்த நூலில் மனவாசகங்கடந்தார் பாடிய இந்த ஐந்தொழிலை நம் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் நான்காவதில் இடறுவார்கள். கடவுள் எதற்காக மறைக்க வேண்டும்? உயிர் தான் விரும்பியதன் பின்னே ஓடி, வினையை நுகர்ந்து பக்குவப்படும் வரை இறைவன் தன்னைக் காட்டாமல் நிற்கிறான், அதுவும் அருளே என்றால் கொட்டாவிதான் வரும். இந்தப் படத்தில் அது கண்முன் நடக்கிறது. அந்தப் பெண் முன்னால் நின்று ஆட்டத்தை மறைத்ததால்தான் அவர் படியேறினார். நடனம் கற்றுக்கொள்ள வா என்று யாராவது நேரடியாக அழைத்திருந்தால் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருப்பார்.

மணமானவர் வேறொரு பெண்ணைப் பார்த்ததற்கா இவ்வளவு தத்துவம் என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. படமும் அதை மழுப்பவில்லை. சந்தேகப்பட்டுத் துப்பறிவாளரை அமர்த்தும் மனைவியின் தனிமையையும் காட்டுகிறது. அவருடைய ஆசை நல்லது என்று நானும் சொல்லமாட்டேன். திரோதானம் என்னும் அந்த மறைத்தலுக்கு நல்ல ஆசைதான் வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லையே. இயக்குநர் தில்லை நடராசரை நினைத்து எடுத்திருக்க மாட்டார் என்பதும் தெரிந்ததுதான்.

வகுப்பு நடத்துவோர் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டலாம். ரிச்சர்ட் கியர் நடித்த 2004ஆம் ஆண்டு ஹாலிவுட் பதிப்பு வேண்டாம். அதில் அவர் கையில் ரோஜாவோடு மனைவி முன் வந்து நிற்பது அழகுதான். ஆனால் நாலு பேர் பார்க்க ஆடுவதற்கே கூசுகிறாரே ஜப்பானியப் படத்து மனிதர், அந்தக் கூச்சம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும்.

இப்படிக்கு,
சமய வகுப்பு ஆசிரியை ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.